தடிமன் காலத்து வாசல் கதிரை

மழைக்காலம் தொடங்கினால் எனக்கு முதலில் விழித்துக்கொள்வது காதுதான். முப்பத்தோரு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தவளுக்கு அது பழகிப்போய்விட்டது. பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது இருமினால் அது தொண்டை இருமலா, நெஞ்சு இருமலா, நேற்றுத் தொடங்கியதா, ஒரு வாரமாய் இழுக்கிறதா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம். காது இன்னும் ஓய்வு பெறவில்லை.

போன மாதம் இல்லத்தின் இப்போதைய பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மிஸ், மழை தொடங்கப் போகுது. புதுசா வந்த பிள்ளைங்ககிட்ட ஒரு கால் மணித்தியாலம் பேசுவீங்களா? தடிமன் காலத்துல நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொன்னாப் போதும்."

போனேன், பேசினேன். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் படித்த பிள்ளைகள் அவர்கள். கை கழுவுவதையும் முகத்தை மூடுவதையும் அப்போதுதான் யாரோ கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உங்க காலத்துல இதெல்லாம் இருந்திச்சா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். இருந்தது. எப்படி வந்தது என்பதைக் கால் மணித்தியாலத்தில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நாவலப்பிட்டிப் பெண். அப்பா தையல்காரர். பள்ளிக்கூடத்தில் ஓ/எல் பரீட்சை முடித்ததும் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் தாதிப் பயிற்சி. அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிக்கவும் ஊசி போடவும் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு வயதில் இந்த இல்லத்துக்கு வந்தேன்.

இல்லம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு, நடுவில் சமைக்கும் குசினி. நான் சேர்ந்தபோது நாற்பது பேர் இருந்தார்கள். தமிழர், சிங்களவர், பிள்ளைகள் எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட இரண்டு பறங்கி அம்மாமார். கண்டியின் பனி காலை பத்து மணிக்குத்தான் விலகும். ஜூன், ஜூலையிலும் வருடக் கடைசியிலும் சில நாட்கள் விலகவே விலகாது. அந்த மாதங்களைத்தான் நாங்கள் தடிமன் காலம் என்போம். ஊரில் எல்லோருக்கும் அது மூன்று நாள் மூக்கொழுகல். எண்பது வயதுக்காரருக்கு அப்படி இல்லை.

அப்போது எங்கள் தலைமைத் தாதி, மேட்ரன், செல்வநாயகி அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்று, எங்களிடம் வந்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, தோளில் குத்திய மணிக்கூடு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை செய்தவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். திட்டு வாங்கிப் பழகிய எனக்கு அந்த மௌனத்தை எப்படித் தாங்குவதென்று தெரியவில்லை.

அவருடைய ஒழுங்குகள் கட்டிலில் தொடங்கும். மே மாதக் கடைசியில் கம்பளிகள் எல்லாம் வெயிலில் கிடக்கும். கட்டில்களை ஒரு முழமாவது தள்ளித் தள்ளிப் போடுவோம். ஒருவருக்குத் தலைமாடு இருக்கும் பக்கம் அடுத்தவருக்குக் கால்மாடு. ஒருவர் இருமினால் அது மற்றவர் முகத்தில் போய் விழாது. ஒவ்வொருவருக்கும் சொந்தக் கோப்பை, பிடியில் வேறு வேறு நிற நூல். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். "சீதலய் மிஸ், சீதலய்" என்று சிங்கள அம்மாமார் குளிர் தாங்காமல் போர்வைக்குள் சுருண்டுகொண்டு என்னைத் திட்டுவார்கள். இன்னொரு போர்வை கொண்டுவந்து போடுவேனே தவிர ஜன்னலை மூடமாட்டேன்.

கை கழுவுவதற்கு மேட்ரனிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு தேவாரத்தை மனதுக்குள் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை சவர்க்காரம் கையில் இருக்க வேண்டும். எங்களோடு வேலை செய்த குசுமா சிங்களப் பிள்ளை. அவள் தனக்குத் தெரிந்த பௌத்தக் காத்தாவைச் சொன்னாள். "எந்தச் சாமியெண்டாலும் பரவாயில்லை, பாதியில விடாதையும்" என்றார் மேட்ரன்.

நான்கு மணிக்கு எல்லோருக்கும் இஞ்சி தட்டிப் போட்டு அவித்த கொத்தமல்லித் தண்ணீர். அது காய்ச்சலை நிறுத்தாது என்று மேட்ரனே சொல்வார். ஆனால் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் முகத்தைத் திருப்புகிறவர்கள் இதை வாங்கிக் குடிப்பார்கள். வயதானவர் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது பாதி வைத்தியம்.

அவர் காட்டித் தந்தவற்றில் நான் அதிகம் பயன்படுத்தியது மூச்சை எண்ணுவது. "உங்கட மூச்சை எண்ணப் போறன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண் மட்டும் போர்வை ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் முழுதாக. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் அவருக்குப் பிடிக்காது. இருபத்தைந்துக்கு மேல் போனால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். "வயசுபோனவைக்குக் காய்ச்சல் கடைசியாத்தான் வரும் பிள்ளை. முதல்ல சாப்பாடு குறையும். பிறகு கதை குழம்பும். ஒரு நாள் காரணம் இல்லாமல் விழுவினம். அதையெல்லாம் பாரும்."

இவ்வளவும் சொல்லித் தந்த ஒருவரிடம் வேலை செய்தும், இரண்டாம் வருடம் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

டிசம்பர் மாதம். எனக்குத் தடிமன். மூக்கு ஒழுகியது, உடம்பு உளைந்தது. வேறொரு தாதி பிள்ளைப்பேற்று லீவில் இருந்தாள். நானும் வீட்டில் நின்றால் குசுமா தனியாக மாட்டிக்கொள்வாள். அதோடு, சின்னத் தடிமனுக்கு வீட்டில் இருப்பவளைச் சோம்பேறி என்று சொல்கிற காலம் அது. இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அதை நான் கடமை என்று நினைத்தேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெண்கள் வார்டில் அன்னம்மா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். வாதத்தில் கையும் வாயும் விழுந்தவர். பேச்சு வராது. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நான் ஊட்டினால்தான் வாய் திறப்பார். தடிமனோடு வேலைக்குப் போன நான்கு நாளும் காலைக் கஞ்சியை நான்தான் ஊட்டினேன்.

ஐந்தாம் நாள் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. பின்னேரம் மூச்சு முப்பதைத் தாண்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிமோனியா. ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார்.

சவ அடக்கம் முடிந்த மறுநாள் மேட்ரன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இரும்" என்றார். இருந்தேன்.

"கஞ்சியை எப்பிடி ஆற வைச்சனீர்?"

முதலில் எனக்குக் கேள்வி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒவ்வொரு கரண்டியையும் என் வாயருகே பிடித்து ஊதி ஊதித்தான் ஆற வைத்தேன். சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல. மேட்ரன் காத்திருந்தார்.

"ஊதி" என்றேன்.

"ஓம்" என்றார். வேறொன்றும் இல்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். பிறகுதான் பேசினார். "உம்மிட்ட இருந்துதான் வந்ததெண்டு ஒருத்தராலயும் அறுதியாச் சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லேலாது. இனிமேல் ரெண்டு கோப்பையை வைச்சு ஆத்தும். அது உம்மட பங்கு. தடிமனோட வந்த ஆளை வாசல்ல பாத்துத் திருப்பி அனுப்பாதது என்ர பங்கு. அதை நான் செய்யிறன்."

மறுநாள் காலை முன்வாசலில் ஒரு கதிரை போட்டிருந்தது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் உள்ளே போகுமுன் அதில் இருக்க வேண்டும். இருமல் இருக்கிறதா, உடம்பு உளைகிறதா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று மூன்று கேள்வி. ஒன்றுக்கு ஆம் என்றாலும் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும், லீவு வெட்டுப்படாது. அந்தக் கடைசி விஷயத்துக்காக அவர் நிர்வாகச் சபையோடு இரண்டு கூட்டம் போராடினார். "லீவை வெட்டினால் பொய் சொல்லுவினம். பொய் சொன்னால் கதிரை எதுக்கு?" என்று கேட்டாராம். முதல் நாள் அந்தக் கதிரையில் முதலில் இருந்தவர் மேட்ரன். கேள்வி கேட்க என்னை நிற்க வைத்தார். மூன்றையும் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்று கவனமாகப் பதில் சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போனார்.

பிறகு அந்தக் கதிரை வருகையாளர்களுக்கும் ஆனது. பிறந்தநாள் கேக்கோடு வந்த பேரப்பிள்ளைகள், பஜனை பாட வந்தவர்கள், ஒருமுறை காய்ச்சலோடு வந்த டாக்டர் ஒருவர், எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலர் முறைத்தார்கள். சிலர் அடுத்த வாரம் சுகமாகி வந்து நன்றி சொன்னார்கள். சுகமாய் இருந்தவர்கள் வந்துபோனதால் தடிமன் காலத்திலும் எங்கள் வார்டுகள் வெறிச்சென்று இருந்ததில்லை. மேட்ரன் பணி முடித்து மகளோடு இருக்க யாழ்ப்பாணம் போனபோது பொறுப்பு எனக்கு வந்தது. இந்த ஒழுங்குகளில் ஒன்றைக்கூட நான் தளர்த்தவில்லை. எனக்குக் காரணம் தெரியும்.

ஆனால் ஒருமுறை அந்த ஒழுங்கே என்னைத் திணற வைத்தது.

செல்போன் வந்து கொஞ்ச வருடம் ஆகியிருந்தது. ஆடி மாதம். கண்டி முழுக்க இன்ஃபுளுவன்சா. பள்ளிக்கூடங்களில் பாதி வகுப்பு காலி, பார்மசிகளில் வரிசை. எங்கள் இல்லத்தில் மட்டும் ஒருவருக்கும் இல்லை. மூன்று வாரமாக நாங்கள் கண்ணாடிச் சாமான் சுமக்கிறவர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் இறங்கினார். கையில் சொக்லேட் பையும் புதுக் கம்பளிச் சட்டையும். பெயர் சந்திரன். வத்தேகமவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் ஒரே மகன், இப்போது கனடாவில். அவருடைய அம்மா பாக்கியம் அம்மா எங்கள் பெண்கள் வார்டில் ஐந்து வருடமாக இருந்தார். எண்பத்திநாலு வயது, இருதயத்தில் கோளாறு, மாரி காலத்தில் இழுப்பு. மகன் கடைசியாக அம்மாவைப் பார்த்து எட்டு வருடம். கொழும்பில் மனைவி வழியில் ஒரு கல்யாணம் என்று வந்தவர், விமான நிலையத்திலிருந்து நேரே எங்களிடம் வந்திருந்தார்.

கதிரையில் இருந்தார். கேள்விகளைக் கேட்டேன்.

"இல்ல மிஸ். பிளேன்ல ஏசி. தொண்டை கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்."

சொல்லி முடிக்குமுன் இருமினார். நெஞ்சு இருமல். கண் ஓரங்கள் சிவந்திருந்தன. தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். நூற்றொன்று.

"மன்னிச்சுக்கங்க. இன்னைக்கு உங்கள உள்ள விட முடியாது. சுகமாகி ஒரு வாரத்துல வாங்க."

"ஒரு வாரமா? மிஸ், ஒரு மணித்தியாலத்துல நான் கொழும்புக்குத் திரும்பணும். வியாழக்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை ஃபிளைட். எட்டு வருஷம் கழிச்சு வர்றேன். எங்க அம்மாவப் பாக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு நீங்க யாரு?"

கேள்வி நியாயமானதுதான். "உங்க அம்மா கூடப் பத்தொம்பது பேர் படுத்திருக்காங்க. அவங்களுக்கும் நான்தான் பொறுப்பு" என்றேன்.

அவர் செல்போனை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் நிர்வாகச் சபைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற வழக்கறிஞர், நல்ல மனிதர். "மிஸ், அவர் இல்லத்துக்கு நிறையச் செய்தவர். ஒரு பத்து நிமிஷம் விட்டுவிடுங்களேன்."

"சரி சேர். விடச் சொல்லி நீங்க ஒரு கடிதத்துல எழுதித் தாங்க, கதவைத் திறக்கிறேன்."

அவர், "உங்களுக்குச் சரியெனப் பட்டதைச் செய்யுங்கள்" என்று வைத்துவிட்டார்.

அதற்குள் யாரோ வார்டில் சொல்லிவிட்டார்கள். குசுமா ஓடிவந்தாள். பாக்கியம் அம்மா கட்டிலை விட்டு இறங்கித் தடியை ஊன்றிக்கொண்டு நடையில் வந்துகொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. நடை நடுவில் அவரை மறித்தேன்.

"என் புள்ளைய வெளிய நிக்க வச்சிருக்கியா?"

"அவருக்குக் காய்ச்சல்ம்மா. உங்களுக்கு ஒட்டினா உங்க நெஞ்சு தாங்காது."

"எனக்கு எம்பத்திநாலு வயசு. தாங்காட்டிப் போகட்டும். அவன் கையப் புடிக்காம இன்னும் பத்து வருஷம் இருந்து நான் என்னத்தச் செய்ய?"

எனக்கு அன்னம்மா டீச்சர் ஞாபகம் வந்தார். அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவரால் சொல்லவும் முடியாது. என் தடிமனை அவருக்கே தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாக்கியம் அம்மாவுக்கு வாய் இருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. தன் உயிரைப் பற்றி முடிவெடுக்க அவருக்கு உரிமை உண்டு. மற்றப் பத்தொன்பது பேருடைய உயிரைப் பற்றி முடிவெடுக்க அவருக்கும் உரிமை இல்லை, மகனுக்கும் இல்லை. அதுதான் என் வேலை. இரண்டையும் பிரித்துப் பார்த்ததும் வழி தெரிந்தது.

அவரை அங்கேயே ஒரு பெஞ்சில் இருத்தி, நேராகச் சொன்னேன். "மகனப் பாருங்க. உள்ள வேணாம், தோட்டத்துல. ஆனா பாத்துட்டு நீங்க வார்டுக்குத் திரும்பிப் போக முடியாது. பத்து நாள் ஆபீஸ் பக்கத்து அறையில தனியா இருக்கணும். நான் மட்டும்தான் வருவேன். நோய் வந்தா வரும், வரலாம். சம்மதமா?"

"பத்து நாள் என்ன, பத்து மாசம் இருக்கேன். கூட்டிட்டுப் போ."

பனி விலகி வெயில் வந்திருந்தது. தோட்டத்தில் கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகளைக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் போட்டேன். சந்திரனைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்தேன். துணிக் கவசத்தை வாய்க்கும் மூக்கிற்கும் கட்டிவிட்டேன். "கையப் பிடிக்கலாம். கிட்டக் குனியக் கூடாது. கொஞ்ச நேரம்தான்" என்றேன். அவர் கோபத்தோடுதான் தலையாட்டினார். பாக்கியம் அம்மாவுக்கும் ஒரு கவசம் கட்டி, வீல் செயாரில் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மகனைக் கண்டதும் அவர் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தார். பிறகு முகம் மாறியது. கையை விட்டுவிட்டு, நான் தடுக்குமுன் எட்டி மகனுடைய நெற்றியில் புறங்கையை வைத்தார். பிறகு கழுத்தில் வைத்தார்.

"என்னடா இது, இப்படிக் கொதிக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா—"

"லேசாவா? அடுப்புக் கல்லு மாதிரி இருக்கு. இத வச்சிக்கிட்டா பிளேன் ஏறி வந்த? இத வச்சிக்கிட்டா கல்யாணத்துக்குப் போகப் போற? அங்க எத்தன கைப்புள்ளைங்க இருக்கும்!"

"அம்மா, உங்களப் பாக்கத்தானே—"

"பாத்தாச்சில்ல. எந்திரி. வத்தேகமவுல சித்தி வீட்டுல போயிப் படு. கொத்தமல்லி வச்சுக் குடுக்கச் சொல்லு. மருந்த ஒழுங்கா முழுங்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், இவன உள்ள விட்டுறாதீங்க. நீங்க செஞ்சதுதான் சரி. இந்தக் காய்ச்சலோட எவனாச்சும் வார்டுக்குள்ள வருவானா?"

ஐந்து நிமிடம் முன்னால் என்னைத் தடியால் தள்ளிவிட்டுப் போக இருந்தவர் இவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்திரனுக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில், வேன்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவிடம் திட்டு வாங்கி, கவசம் நனைய நனைய அழுதார். பிறகு போய் வேனில் ஏறினார். வேன் கொழும்புப் பக்கம் திரும்பவில்லை. வத்தேகமவுக்குப் போனது.

பாக்கியம் அம்மாவைத் தனி அறைக்குக் கொண்டுபோனேன். காலையும் பின்னேரமும் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்து மூச்சை எண்ணினேன். முதல் நாள் பதினெட்டு. இரண்டாம் நாள் பதினெட்டு. மூன்றாம் நாள் இருபது, லேசான இருமல். நான்காம் நாள் காலை காய்ச்சல் இல்லை. ஆனால் இடியாப்பத்தைத் தொடவில்லை. என்னை "சரசு" என்று கூப்பிட்டார். சரசு அவருடைய மூத்த தங்கை, இறந்து இருபது வருடம். மூச்சை எண்ணினேன். இருபத்தெட்டு.

டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "வலது பக்கம் அடியில் நிமோனியா தொடங்குகிறது. இன்றைக்கே அனுப்புங்கள்" என்றார். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் நின்று நின்று போனது. அந்த அரை மணி நேரத்தில் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்விகள் கொஞ்சமில்லை. தோட்டத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனது என் கைதான். கதவை ஒரேயடியாய் மூடியிருக்கலாம். மூடியிருந்தால் அவர் சாப்பிடாமல் கிடந்திருப்பாரா, ஒரு வாரத்தில் மறந்திருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். சரசு என்று நினைத்துத்தான்.

அன்று பின்னேரம் சந்திரன் வத்தேகமவிலிருந்து கூப்பிட்டார். அவருக்கு இன்னும் குரல் அடைத்திருந்தது.

"மிஸ், அம்மாவுக்கு வந்தது என்கிட்ட இருந்தா?"

மேட்ரன் எனக்குச் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அறுதியாகச் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. "ஆனா அம்மா தெரிஞ்சுதான் வந்தாங்க. அதையும் மறந்துடாதீங்க. நேரத்தோட கண்டுபிடிச்சிட்டோம்."

நேரத்தோடு கண்டுபிடித்ததுதான் காப்பாற்றியது. ஏழாம் நாள் பாக்கியம் அம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பத்தாம் நாள் இல்லத்துக்குத் திரும்பினார். வார்டில் இருந்த பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அந்த ஆடி மாதத்தை நாங்கள் ஒரு உயிரும் இழக்காமல் தாண்டினோம்.

போன மாதம் இந்த ஒன்றை மட்டும் சொன்னபோது இளம் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள், அப்படி ஒரு நிலைமை வந்தால் மறுபடியும் தோட்டத்துக்குக் கூட்டிப் போவீர்களா என்று. போவேன். முதலில் கேட்பேன், சம்மதம் வாங்குவேன், மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பேன், பிறகு எண்ணிக்கொண்டே இருப்பேன். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. தடிமன் காலத்தில் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டுச் சுகமாக இருக்கிறோம் என்று சொல்வது சுலபம். யாருக்காகப் பூட்டுகிறோம் என்பது மறந்துபோகும்.

சந்திரன் கல்யாணத்துக்குப் போகவில்லை. டிக்கெட்டை இரண்டு தடவை மாற்றினார். காய்ச்சல் விட்டு, இருமலும் நின்று, அம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். கொய்யா மரத்தடியில் இரண்டு பேரும் இருந்து பேசினார்கள். ஒரு நாள் அவர் அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்படிப் பதினொரு பின்னேரங்கள்.

அவர் கனடாவுக்குத் திரும்பிய மறுநாள் பாக்கியம் அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு மணித்தியாலம் நின்னுட்டுப் போக வந்தவன், மிஸ். அடுத்த தடவ வாறப்பவும் ஒரு தடிமன் புடிச்சிக்கிட்டு வரச் சொல்லுங்க."